ஏரி வீட்டில் என்னைப் பார்த்த விதம்

பெண்கள் சேர்ந்து குளிப்பதில் ஒன்றும் இல்லை. நான் வளர்ந்த தோட்டத்து லயத்தில் இருபது வீட்டுக்கு ஒரே குழாயடி. கைலியை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவின் முதுகை நானும் என் முதுகை அவளும் தேய்த்துத்தான் எங்கள் அழுக்குப் போனது. அதனால் ஏரிக்கரையில் மாப்பிள்ளை வீட்டு அம்மாள் என்னைப் பார்த்து, எல்லாரும் சேர்ந்து குளிக்கலாம் வா என்று கூப்பிட்டபோது எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. சோப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். சந்தைக்குப் போகும் மாட்டுக்குக்கூடக் கயிறு இழுபடும்போது ஏதோ புரியும். எனக்குப் புரியவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா தோட்டத்து லோரி டிரைவர். அம்மா பால்மரம் வெட்டினாள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. எனக்கு இருபத்திரண்டு வயது. சுங்கைப் பட்டாணியில் ஓர் எலக்ட்ரானிக் பேக்டரியில் வேலை பார்த்தேன். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்துக்கொண்டு, கீறல் விழுந்த சாமானைத் தனியாகத் தள்ளிவைக்கும் வேலை.

அந்த வருஷம் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கொண்டுவந்தவர் எங்கள் தோட்டத்து டிரசர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, ஊசி குத்துபவருக்கு டிரசர் என்று பெயர். நிஜமான டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். மற்ற நாளெல்லாம் தான்தான் டாக்டர் என்று இவர் நம்பினார். தோட்டமும் நம்பியது.

மாப்பிள்ளை அரசாங்க ஆபீசில் கிளார்க். எனக்கும் கொஞ்சம் ஆசை இருந்தது, மறைக்க மாட்டேன். ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆள் சுத்தமாக இருந்தான், சட்டையை இஸ்திரி போட்டிருந்தான், பேக்டரி வேலையை விடச் சொல்லவில்லை. அது போதும் என்று நினைத்தேன்.

அவன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பத்தைந்து வயதுவரை பால்மரம் வெட்டியவள். புருஷனுக்கு ஆபீஸ் பியூன் வேலை கிடைத்து டவுனுக்குப் போனார்கள். பத்துப் பதினைந்து வருஷம் ஆகியும் பால்கத்தி பிடித்த காய்ப்பு அவள் கையில் அப்படியே இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, தோட்டத்துச் சனங்கள் அப்படி, தோட்டத்துச் சனங்கள் இப்படி என்று மூக்கைச் சுளித்துப் பேசினாள். தோட்டத்தில் பிறந்திருந்தாலும் பரவாயில்லை, ரப்பர் காட்டில் இறங்கி வேலை செய்த பெண் தன் மகனுக்கு வேண்டாம் என்றாள்.

அம்மா உடனே சொன்னாள்: "எம் மவ காட்டுப் பக்கமே போனதில்லங்க. புஸ்தகமும் கையுமாவே வளந்துட்டா."

பச்சைப் பொய். பதினோரு வயதிலிருந்து ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் அவளோடு காட்டுக்குப் போய், ரப்பர் பால் வடிகிற மங்குக் கிண்ணங்களைத் துடைத்தவள் நான். என் வலது தோள்பட்டைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. பாலை உறைய வைக்கும் ஆசிட் புட்டியைப் பையில் போட்டு என் முதுகில் மாட்டியிருந்தாள் அம்மா. மூடி சரியில்லை. ஒழுகியது. கால்வாய்த் தண்ணீரில் கழுவி, வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவினாள். டிரசரிடம் கூட்டிப் போகவில்லை. சின்னப் பிள்ளையைக் காட்டுக்குக் கொண்டுபோனது மேலே தெரிந்தால் ஏச்சு விழும் என்று பயம். தோல் உரிந்து, ஆறி, கறுப்பு திரும்பாமலே போய்விட்டது.

கல்யாணப் பேச்சில் எல்லாரும் இரண்டு பொய் சொல்வார்கள், இது அதில் ஒன்று என்று நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் டிரசர் அந்த ஏரி யோசனையைச் சொன்னார். கரங்கானைத் தாண்டி உள்ளே போனால் இன்னொரு தோட்டத்தில் ஓர் ஏரி. தண்ணீருக்காக வெள்ளைக்காரன் காலத்தில் ஓடையை மறித்துக் கட்டியது. துரைமார் மீன்பிடித்துவிட்டுப் படுக்க, கரையில் ஒரு பலகை வீடும் கட்டியிருந்தார்கள். துரைமார் போன பிறகு, கடிதம் எழுதிக் கேட்டால் டிரசர், கிராணி மாதிரியான ஸ்டாப் குடும்பங்களுக்குக் கொடுப்பார்கள். மெர்டேக்கா, சுதந்திர தினம், அந்த வருஷம் சனிக்கிழமை வந்தது. கெடாவில் வெள்ளிதான் வார விடுமுறை. வியாழன் மத்தியானம் போய்ச் சனிக்கிழமை திரும்பலாம், மூன்று குடும்பமும் பழகின மாதிரி இருக்கும் என்றார் டிரசர்.

அவர்கள் காரில் வந்தார்கள். டிரசரும் மனைவியும் அவர்களோடு காரில் ஏறிக்கொண்டார்கள். நாங்கள் அப்பா ஓட்டிய லோரியில், பாய், அரிசி, அடுப்பு, கால் கட்டிய நான்கு கோழிகளோடு வந்தோம். என் தங்கைக்குப் பதினாலு வயது. வழியெல்லாம் அவள் மடியில் ஒரு கோழி பேண்டுகொண்டே வந்தது.

அந்த வீட்டை இப்போது யாராவது அழகு என்று எழுதலாம். எனக்கு ஞாபகம் இருப்பது கூரைக்குள் வௌவால் நாற்றம், துணி கிழிந்த நாற்காலி, ஒன்பது பேருக்கு ஒரு கக்கூஸ், அதுவும் வியாழன் சாயங்காலமே அடைத்துக்கொண்டது. ஏரித் தண்ணீர் தேத்தண்ணி நிறம். கரையில் காலை வைத்தால் கணுக்கால் வரை சேறு. ஆண்கள் வராண்டாவில் பீர் டின்னைத் திறந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான் அவர்கள் விடுமுறை. அம்மாவும் நானும் கோழி உரித்தோம், அரைத்தோம், சமைத்தோம், கழுவினோம். டிரசர் மனைவி ஸ்டாப் வீட்டுக்காரி, வெங்காயம் மட்டும் நறுக்கினாள். மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியைச் சமையற்கட்டு வாசலில் போட்டு உட்கார்ந்து, நான் குனிவதையும் நிமிர்வதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை என்னிடம் இரண்டு நாளில் பேசியது ஒரே வாக்கியம். சம்பல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.

அவன் அப்பா மட்டும் பீர் குடிக்கவில்லை. தூண்டிலை எடுத்துக்கொண்டு கரையில் போய் உட்கார்ந்துவிடுவார். இரண்டு நாளும் ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் அந்தக் குளியல். மாப்பிள்ளையின் அம்மா, டிரசர் மனைவி, அம்மா, நான், தங்கை. ஆண்கள் வராண்டாவை விட்டு வரக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தார்கள். நான் மேக்சியோடு இறங்கப் போனேன். அம்மா தடுத்தாள். கைலி கட்டிக்கொள், அதுதான் வசதி என்றாள். மூட்டையில் எனக்கு அவள் வைத்திருந்தது ஒரு பழைய கைலி, நனைந்தால் நிற்காமல் வழுக்கும். வீட்டில் நல்ல கைலி நான்கு இருந்தன. அதை நான் பிறகு யோசித்தேன்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். மாப்பிள்ளையின் அம்மா சோப்பை என் கையிலிருந்து வாங்கி, திரும்பு என்றாள். கழுத்தைத் தேய்த்தாள். கையைத் தூக்கச் சொல்லி அக்குளைத் தேய்த்தாள். கைலியை இடுப்புவரை தள்ளிவிட்டு விலாவைத் தேய்த்தாள். பாசமாகத்தான் தேய்க்கிறாள் என்று நினைத்தேன், தூ. விரல்கள் தேய்க்கவில்லை, தடவித் தடவித் தேடின. தோள்பட்டைக்கு வந்ததும் நின்றன. இரண்டு விரலால் அந்த இடத்தைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துத் தண்ணீரில் முக்கினாள். கரை ஏறிப் போனாள்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையை ஏரிக்குள் முக்கிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் முக்கியிருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்த அம்மாள் வரவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லியனுப்பினாள். நான் போட்ட சோறு என்பதுதான் காரணம். மூன்று மணிக்குச் சமையற்கட்டில் டிரசர் மனைவி எனக்கு விஷயத்தை உடைத்தாள். பாவம் பார்த்துச் சொல்லவில்லை. இந்தக் குடும்பத்துப் பேச்சில் தன் புருஷன் பெயர் கெடுகிறதே என்ற எரிச்சலில் சொன்னாள். மாப்பிள்ளையின் சொந்தத்தில் ஒருவன் கட்டிய பெண்ணுக்குக் கல்யாணமான பிறகு உடம்பெல்லாம் வெள்ளைப் படை வந்ததாம். அதனால் அந்த அம்மாள், பெண்ணை முழுசாகப் பார்க்காமல் தட்டு மாற்ற மாட்டேன் என்றிருக்கிறாள். வீட்டில் வைத்துத் துணியை அவிழ் என்று சொன்னால் நன்றாக இருக்காது. ஏரிக்குப் போனால் குளிக்கிற சாக்கில் பார்த்துக்கொள்ளலாம். இது டிரசரின் யோசனை.

"ஒங்கம்மாவுக்குத் தெரியும்லா," என்றாள். "கேட்டுட்டுத்தானே ஏற்பாடு பண்ணுனோம்."

அம்மா பின்வாசலில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். போய்க் கேட்டேன். தலையைத் தூக்காமல், எந்தத் தாய்தான் பார்க்காமல் கட்டுவாள், ஒரு மறு, ஒரு மச்சம் பார்ப்பாள் என்று நினைத்தேன், முதுகு நினைவிலேயே இல்லை என்றாள். அப்படியானால் இப்போது போய்ச் சொல், அது ஆசிட் பட்ட தழும்பு என்று சொல் என்றேன்.

"எப்படிடி சொல்றது? காட்டுக்கே போவாத பொண்ணுன்னு சொல்லியிருக்கேனே."

இதைத்தான் நான் அன்றைக்கும் விழுங்கவில்லை, இன்றைக்கும் விழுங்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை. பால்மரம் வெட்டிப் பிள்ளை வளர்த்தவள், பால்மரம் வெட்டிப் பிள்ளை வளர்த்த இன்னொருத்தியிடம், என் மகளும் காட்டுக்கு வந்தாள் என்று சொல்ல வெட்கப்பட்டாள். மகளுக்குக் குஷ்டம் என்று நாலு பேர் நினைக்கலாம், மகள் மங்கு துடைத்தாள் என்று நினைக்கக்கூடாது. இந்தப் புத்தி வேறு எந்த ஊரில் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு டிரசர் தீர்ப்புச் சொல்ல வந்தார். மூன்று டின் பீர் உள்ளே போயிருந்தது. வெள்ளைப் படை வேறு, குஷ்டம் வேறு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்றார். அவர் சொன்னதில் பாதி சரியாகவும் இருக்கலாம். பெரிய டாக்டர் பின்னால் நின்று பொறுக்கியது. மனைவியின் சேலையிலிருந்து ஒரு சேப்டி பின்னைக் கழற்றி, லைட்டர் நெருப்பில் காட்டினார்.

சாப்பாட்டு மேசைமேல் கவிழ்ந்து சாய்ந்தபடி என்னை உட்கார வைத்தார்கள். மேக்சியின் முதுகு ஜிப்பை இறக்கியது அம்மா. வேறு யாராவது இறக்கியிருந்தால் கடித்திருப்பேன். அப்பா வராண்டாப் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சிகரெட் பிடித்தார். மாப்பிள்ளை தண்ணீர் குடிக்க வருவதுபோல் உள்ளே வந்து, கிளாசைக் கையில் பிடித்தபடி, டிரசர் தோளுக்கு மேலாக எட்டி என் முதுகைப் பார்த்தான். கல்யாணம் ஆகாமலே பார்த்துவிட்டான். யாரும் அவனை வெளியே போ என்று சொல்லவில்லை.

"குத்துறப்ப வலிச்சா சொல்லணும்," என்றார் டிரசர். "வலிச்சா நல்லது. வலிக்கலேன்னாத்தான் சிக்கல்."

எனக்கு எதிரே மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தாள். என் முதுகைத் தேய்த்த வலது கையைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். காலையிலிருந்து மருந்து சோப்புப் போட்டு நான்கு தடவை கழுவியிருந்தாள். அம்மாவைப் பார்த்து, ரொம்பப் பெரிய மனசோடு, "வலிக்குதுன்னு சொல்லிட்டா மேல பேசலாம். எம் மவன் கொணம் அப்படி, இதெல்லாம் பாக்க மாட்டான்," என்றாள்.

பின் இறங்கியது. தழும்பின் நடுவில் குத்தியதால் மந்தமாகத்தான் இருந்தது, ஆனால் வலித்தது. ஆ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆ என்றால் நான் பாஸ். அந்தக் கைக்குட்டைக்காரிக்கு மருமகள். ஆயுசு முழுக்க இந்தப் பெரிய மனசுக்கு நன்றி சொல்லிக்கொண்டு, அவள் கழுவிய கைக்குக் கீழே சோறு பொங்கிக்கொண்டு. கிளாசைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இவனுக்குச் சம்பல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு.

"தெரியல," என்றேன்.

அம்மா என் தோளை அழுத்தினாள். டிரசர் தழும்பின் ஓரத்தில் குத்தினார். அது சுருக்கென்று நெஞ்சுவரை போனது. மேசைப் பலகையில் நகத்தைப் பதித்துக்கொண்டேன். தெரியவில்லை என்றேன். இன்னும் ஆழமாக ஒன்று. தெரியவில்லை.

இப்போது அவருக்கே பயம் வந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று, தழும்பை விட்டுத் தள்ளி, முதுகெலும்புக்குப் பக்கத்தில் நல்ல தோலில் குத்தினார்.

"இங்க?"

"அங்கயும் தெரியல மாமா."

கொஞ்சம் புத்தி இருக்கிறவன் அந்த இடத்தில் சிரித்திருப்பான். பெண் பொய் சொல்கிறாள் என்று பச்சைப் பிள்ளைக்கும் புரியும். டிரசர் பின்னை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய், "பரவிருக்கு," என்றார்.

மாப்பிள்ளை கையிலிருந்த கிளாசில் குடிக்காமல் ஜன்னல் வழியாகத் தண்ணீரை ஊற்றினான். அது நான் கழுவி வைத்த கிளாஸ். என் தங்கை மட்டும்தான் அழுதாள். அவளுக்கு என் முதுகில் வழிந்த ரத்தம் தெரிந்தது. நான்கு இடத்தில்.

சனிக்கிழமை விடிந்ததும் அவர்கள் சாமான் கட்டினார்கள். பசியாறவில்லை. தங்கள் சொந்தப் பாயைக்கூட விட்டுவிட்டுப் போனார்கள், எங்கள் லோரியில் ஏற்றி வந்தது என்பதால். மாப்பிள்ளையின் அப்பா தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கடைசியாகக் காருக்கு வந்தார். நான் கோழி இறகைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு நாளில் அவர் குரலை அப்போதுதான் கேட்டேன்.

"அது பாலாசிட்டு பட்டதுன்னு எனக்குத் தெரியும்மா. எம் பொஞ்சாதிக்கும் முழங்கால்ல இருக்கு."

"அப்ப நேத்தே சொல்லியிருக்கலாமே மாமா."

தூண்டில் நூலைப் பார்த்தார். சிக்கு விழுந்திருந்தது. அதைப் பிரித்துக்கொண்டே காரில் ஏறிக்கொண்டார். அந்த வீட்டில் இருந்த எல்லாரிலும் எனக்கு அதிகமாக அருவருப்புத் தந்தவர் அந்த மனுஷன்தான். மற்றவர்களுக்குத் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருக்க ஒரு காரணம் இருந்தது. இவருக்குத் தெரிந்திருந்தது. மீன் கடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது அம்மா லோரிப் பின்னால் பாய்மேல் படுத்து அழுதுகொண்டு வந்தாள். நான் முன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். கரங்கான் கடைத்தெருவெல்லாம் கொடி கட்டியிருந்தது. அதைத் தாண்டிய பிறகு அப்பா கேட்டார்.

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

கியரை மாற்றினார். அவரும் படியில் உட்கார்ந்திருந்தவர்தான்.

ஒரு வாரத்தில் சேதி தோட்டம் முழுக்கப் போய்விட்டது. குழாயடியில் நான் வாளி வைத்த இடத்தில் மற்றவர்கள் வைக்கவில்லை. முதுகு தேய்த்துவிட்ட அக்கா, குளிக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டாள். டிரசர், தொற்றுநோயை மறைத்தால் தன் வேலைக்கு ஆபத்து என்று பயந்து, என்னைச் சுங்கைப் பட்டாணியில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அம்மா வந்தே தீருவேன் என்று கூட வந்தாள்.

மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் ஒரு சீனப் பெண், என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். முதுகைப் பார்த்தாள். விரலை வைத்தாள், எடுத்த கையை எங்கும் துடைக்கவில்லை. இது எப்படி வந்தது என்று மலாயில் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு, உடைந்த மலாயில், ஆசிட், ரப்பர் ஆசிட், பதினோரு வயதில், நான்தான் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன் என்று ஒரே மூச்சில் சொன்னாள். டாக்டர் தலையாட்டி எழுதினாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் பலகை மேசையில் சொல்லியிருந்தாலும் இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.

பஸ்ஸில் அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. உண்மையை மறைத்ததற்காக, ஜிப்பை இறக்கியதற்காக ஏதாவது சொல்வாள் என்று கொஞ்ச தூரம் காத்திருந்தேன். பாதி வழி தாண்டியிருப்போம். என் மடியிலிருந்த டாக்டர் கடிதத்தைத் தொட்டு, "இத டிரசருட்ட குடுத்தா அவங்களுட்ட காட்டிருவாரு. நோய் இல்லேன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்குல்ல. திரும்ப வருவாங்கடி," என்றாள்.

தரமாட்டேன் என்றேன். நாளைக்கு பேக்டரி ஆபீசில் கொடுக்க வேண்டும், இன்றைக்கு லீவு போட்டதற்கு என்றேன்.

மறுநாள் கொடுத்தேன். ஆபீஸ் பெண் தேதியை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பில் போட்டாள். பிறகு நான் என் இடத்துக்குப் போய்ப் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.